குண்டா இருந்தா சைக்கிள் மிதிக்கக் கூடாதுங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் விளையாட்டுப் பக்கத்துல "சைக்கிள் ரேஸ் ஒல்லியா இருக்கிறவங்க சமாச்சாரம், மத்தவங்க பிறவியிலேயே அவுட்"னு ஒரு வரி போட்டிருந்தீங்க. கூடவே குண்டு ஆளு உக்காந்து டயர் நசுங்குற கார்ட்டூன் வேற. நான் 94 கிலோ. அதைப் பாத்து என் அண்ணன் மகன் சிரிச்ச சிரிப்பு வளவு பூரா கேட்டுச்சு.

உங்களுக்குத் தெரியாததா, 1991லேந்து 1995 வரைக்கும் டூர் டி பிரான்ஸுங்கிற பெரிய சைக்கிள் ரேஸை வரிசையா 5 தடவை ஜெயிச்ச மிகேல் இந்துராயின் 188 சென்டிமீட்டர் உயரம், 80 கிலோகிட்ட எடை. 1998ல ஜெயிச்ச மார்கோ பந்தானி 57 கிலோதான். ரெண்டு பேரும் ஜெயிச்சது ஒரே ரேஸ். மலை ஏறுறப்ப ஒவ்வொரு கிலோவையும் நாமதான் தூக்கணும், அங்க பந்தானி மாதிரி ஆளுதான் ராசா, ஒத்துக்கிறேன். சமதரையில காத்துதான் எதிரி, எடை ரெண்டு மடங்கானாலும் காத்து மோதுற உடம்புப் பரப்பு ரெண்டு மடங்கு ஆகாது, அதனால மிதிக்கிற பலம் கூட இருக்கிற பெரிய தொடைக்காரனுக்கு அங்கதான் ஆதாயம்.

நம்ம செட்டிநாட்டுல ஏறுறதுக்கு ஏது மலை, குன்றக்குடி ஒண்ணு, அதுக்கும் படிக்கட்டு. பள்ளத்தூர்லேந்து கோட்டையூர் வழியா காரைக்குடிக்கு எதிர்காத்துல போறப்ப என்கூட மிதிக்கிற 55 கிலோ பய ஒருத்தன் என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டுதான் வருவான். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுலயும் அவன் மேல போயி டீ குடிச்சு கிளாஸைக் கழுவி வச்சப்புறம்தான் நான் போய்ச் சேந்தேன், அதையும் மறைக்கல.

எட்டாவது படிக்கிறப்ப பி.டி. வாத்தியாரு "உனக்குக் குண்டு எறிதல்தான்டா"ன்னு சைக்கிள் ரேஸ்லேந்து என் பேரை அடிச்சாரு. வீட்டுக்கு வந்தா அப்பத்தா "அவுக அய்யா வாகுல்ல"ன்னுச்சு. பரம்பரையே இல்லன்னு நான் சொல்லல, ஒரே பயிற்சி குடுத்தாலும் ஒருத்தனுக்கு மூச்சுத்திறன் மடமடன்னு கூடும், இன்னொருத்தனுக்கு நகராது, அந்த வித்தியாசத்துல சுமார் பாதி பரம்பரைன்னு ஆராய்ச்சியே இருக்கு. ஆனா அது இதயத்துலயும் தசையிலயும்ல இருக்கு, இடுப்புச் சுத்தளவைப் பாத்து எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?

கந்தரப்பத்துக்குச் சீனி போடச் சொல்லி நீங்க எழுதினப்பவும் (வெல்லம்ங்க, வெல்லம்!) கடிதம் போட்டேன், வரல. போகட்டும்.

மறுப்பு, மன்னிப்பெல்லாம் கேக்கல. அந்த வரிக்கு முன்னாடி "மலையில"ன்னு ஒரு வார்த்தை சேத்து அடுத்த இதழ்ல ஒரு மூலையில போடுங்க, அண்ணன் மகன்கிட்ட காட்டணும்.

இப்படிக்கு,
22 வருஷ சந்தாதாரர்,
பள்ளத்தூர்.