ஜெல் உரம் வாங்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். என் முழங்கால் வலி பழையபடிதான், அதை விடு. தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் ஜெல் பற்றிக் கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருந்தாலும் பெரும்பாலும் பயிருக்குப் போய்ச் சேருவது அதில் பாதிகூட இல்லை. மீதியில் கொஞ்சம் அமோனியாவாகக் காற்றில் போகிறது, கொஞ்சம் நைட்ரேட்டாகி வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அதனால் ஜெல் என்ற யோசனை நல்ல யோசனைதான். ஆனால் விற்பவர்கள் எடுத்த எடுப்பில் சொல்லும் ‘நானூறு மடங்கு தண்ணீர் குடிக்கும்’ கணக்கை நம்பி இறங்காதே. காய்ச்சி வடித்த நீரில் குடிக்கும், சரி. மண்ணில் உப்பும் கால்சியமும் இருக்கிறதே, அங்கே அந்தக் கணக்கு பல மடங்கு சரிந்துவிடும், பொட்டாஷ் மாதிரி உரமே ஒரு உப்புதான் என்பதையும் சேர்த்துக்கொள். யூரியாவுக்கு மின்னேற்றம் இல்லை, அதனால் ஜெல் ஊதிப் பெருப்பதை அது அவ்வளவாகக் கெடுக்காது, ஆனால் அதே காரணத்தால் ஜெல்லுக்கும் அதைப் பிடித்துவைக்கப் பிடி கிடைக்காது. ஜெல் என்பது நுண்ணிய இழைகள் பின்னிய வலை மாதிரி, அதிகம் ஊதும் ஜெல்லில் வலைக்கண் பெரிதாகி யூரியா சீக்கிரமே நழுவிவிடும். இதனால்தான் பென்டோனைட் களிமண்ணைக் கலக்கிறார்கள், இழைகளை இன்னும் நெருக்கமாகப் பிணைக்கிறார்கள். தண்ணீர் குறைவாகப் பிடிக்கும், பிடிக்கட்டுமே.

அப்புறம் மக்கும் விஷயம். டயாப்பரில் ஈரத்தை உறிஞ்சும் பாலிஅக்ரிலேட் என்ற செயற்கை அக்ரிலிக் ஜெல் மண்ணில் ரொம்ப மெதுவாகத்தான் சிதையும். ‘ஸ்டார்ச் கலந்தது’ என்று எழுதியிருந்தாலும் ஏமாறாதே, ஸ்டார்ச்சை நுண்ணுயிர்கள் தின்றுவிடும், அக்ரிலிக் பகுதி அப்படியே கிடக்கும். முழுக்க மக்க வேண்டுமென்றால் செல்லுலோஸ், கடற்பாசியில் எடுக்கும் ஆல்ஜினேட், இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசான் மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். அவற்றிலும் ஒரு சங்கடம் உண்டு, பயிர் கேட்பதற்கு முன்பே நுண்ணுயிர் ஜெல்லைத் தின்று தீர்த்துவிட்டால் உரம் மொத்தமாக வெளியே கொட்டிவிடும்.

எத்தனை மடங்கு குடிக்கும் என்று கேட்காமல், எத்தனை நாளில் எவ்வளவு விடும் என்று கேள். மெதுவாக விடும் உரத்துக்கான ஐரோப்பியத் தரத்தில், 25 டிகிரி நீரில் சத்து 24 மணி நேரத்துக்குள் 15 சதவீதத்துக்கு மேலும், 28 நாளுக்குள் 75 சதவீதத்துக்கு மேலும் வெளியேறக்கூடாது. அதுவும் நீரில் செய்த சோதனைதான், மண்ணில் செய்த கணக்கு இருக்கிறதா என்றும் கேள். இருந்தால் அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்