மே மாதத்தில் பேனா எடுக்காதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். மருமகனையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்.

நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பேச்சின் நடுவே உன் பள்ளியிலிருந்து ஓர் அழைப்பு, அதை முடித்து வந்தால் ஒரு மாணவியின் தாய். பிறகு நீயே "நாளைக்குப் பேசுகிறேன் அம்மா" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை யாரும் குறுக்கே வெட்ட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

ஜெபிக்க முழங்காலிட்டால் தூக்கம் வருகிறது, வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்துதான் தெரிகிறது, என் விசுவாசம் வறண்டுவிட்டதா என்று கேட்டாய். இந்த விடுமுறையில் மூன்று நாள் உபவாசக் கூடுகைக்குப் போனால் சரியாகிவிடுமா என்றும் கேட்டாய். போக வேண்டாம். முதலில் தூங்கு.

இதைப் பக்தியில்லாத பேச்சு என்று நினைத்தால் 1 இராஜாக்கள் 19 ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய மனிதன் அவன். தேவதூதன் வந்து ஏன் விசுவாசம் குறைந்தாய் என்று விசாரிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறான். தூதன் அதையும் தடுக்கவில்லை. இரண்டாம் முறை தட்டியெழுப்பி, போக வேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லி மறுபடியும் சாப்பிட வைக்கிறான். ஓரேப் மலையில் கர்த்தருடைய அந்த மெல்லிய அமர்ந்த சத்தம் கேட்பதெல்லாம் அதற்கப்புறம், நாற்பது நாள் நடந்தபிறகு. அடையும் தூக்கமும் முதலில், சத்தம் பிறகு. நீ வரிசையை மாற்றப் பார்க்கிறாய்.

ஜூனில் ஆரம்பித்த ஓட்டம் உனக்கு. பிளஸ் டூ வேதியியல் என்றால் செய்முறைத் தேர்வு, மாதிரித் தேர்வு, திருப்புதல் தேர்வு. பொதுத்தேர்வு முடிந்தால் விடைத்தாள் திருத்தும் முகாம். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வருடப் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு. போதாததற்கு மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடித்து வா என்று ஆசிரியர்களையே தெருத்தெருவாக அனுப்புகிறார்கள். நாங்களும் எங்கள் காலத்தில் பள்ளிக்குப் பிள்ளை சேர்க்கப் பனங்காட்டு விளைகளுக்குள் நடந்தோம். ஆனால் மே மாதம் எங்களுக்கு இருந்தது. எடுத்துக்கொள்ள உரிமையும் இருந்தது, சம்பளமும் வந்தது.

பள்ளி விட்டுவைத்த நாட்களைச் சபை எடுத்துக்கொள்கிறது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நான் அந்தச் சபையில்தான் பிறந்தேன், அதில்தான் அடக்கம்பண்ணப்படுவேன். விடுமுறை வேதாகமப் பள்ளி என்றதும் எல்லோருடைய கண்ணும் டீச்சர்மேல்தான் விழும். "உங்களுக்குத்தான் பிள்ளைகளைச் சமாளிக்கத் தெரியும்" என்பார்கள். பத்து நாள் ஆடிப்பாடி, கைவேலை செய்ய வைத்து, மனன வசனம் சொல்ல வைத்து, நிறைவு நாளில் நாடகமும் போட வேண்டும். நல்ல ஊழியம், சந்தேகமே இல்லை. நீயே அதில்தான் முதல் சங்கீதத்தை மனப்பாடம் செய்தாய். ஆனால் வருடம் முழுவதும் வகுப்பெடுத்தவளுக்கு இது இன்னொரு வகுப்பு. வங்கியில் வேலை செய்கிற தம்பிகளும் ஐடி கம்பெனிப் பெண்களும் பாட்டுச் சொல்லிக்கொடுக்கட்டும். அவர்களுக்கு அது மாறுதலாக இருக்கும்.

"டோனாவூர் அம்மா ஓய்வா எடுத்தார்கள்?" என்று நீ கேட்பாய், டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார்மேல் சிறு வயதிலிருந்தே உனக்கு அப்படியொரு பிரியம். எடுத்தார்கள். வெயில் காலத்துக்கென்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் இடம் வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளையும் உடன் ஊழியர்களையும் அங்கே கூட்டிப்போனவர்கள் அவர்கள். 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில் கிடந்து எழுதினார்களே, அதைத்தான் எல்லோரும் பிரசங்கத்தில் சொல்கிறார்கள். மலை வீட்டைச் சொல்வதில்லை. அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்களும் அப்படித்தான். சமவெளியில் நோயும் மரணமும் தாங்காமல் 1845இல் கொடைக்கானலுக்கு ஏறி வீடு கட்டினார்கள். நமக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தவர்கள், மணியடித்துப் பாடம் நடத்தக் கற்றுத்தந்தவர்கள், அக்கினி வெயிலில் ஆசிரியர் ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற பழக்கத்தை மட்டும் மலையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் போலும்.

சரி, தூங்கிச் சாப்பிட்டுத் தெளிந்தபின் என்ன? அங்கேதான் நமக்கு, ஆசிரியர்களுக்கு, ஒரு தொழில் நோய் இருக்கிறது. எதைப் படித்தாலும் அடுத்தவருக்குச் சொல்லவே படிக்கிறோம். வேதத்தில் ஒரு வசனம் நெஞ்சைத் தொட்டால், தொட்ட மறுநொடியே "இதைக் காலை வழிபாட்டில் சொல்லலாம், ஞாயிறு பள்ளிக்கு ஆகும்" என்று மனம் பாடக்குறிப்பு எழுதத் தொடங்கிவிடும். மூன்று குறிப்புகள், ஓர் உதாரணம், முடிவில் ஒரு கேள்வி. நமக்கென்று வந்த வார்த்தை நம் வாசலோடு நின்றுவிடுகிறது. பரிமாறுகிறவள் பசியோடே பந்தியைச் சுற்றி வருவது மாதிரி. உன் வறட்சிக்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நீ விசுவாசத்தை இழக்கவில்லை, வருடம் முழுக்க விநியோகம் செய்துகொண்டே இருந்துவிட்டாய்.

ஆகவே மே மாதத்தில் பேனா எடுக்காதே. வேதத்தில் கோடு போடாதே, ஓரத்தில் எழுதாதே, வசனத்தைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடாதே. ஆரோகண சங்கீதங்களை எடுத்துக்கொள், 120 முதல் 134 வரை. பதினைந்துதான், எல்லாமே சிறியவை. எருசலேமுக்கு நடந்து போகிறவர்கள் பாடியவை என்பார்கள். ஒரு நாளைக்கு ஒன்றை வாய்விட்டு வாசி. பொருள் பிடிபடாவிட்டால் விட்டுவிடு, யாரும் உன்னிடம் கேள்வி கேட்கப்போவதில்லை. 127க்கு வரும்போது சற்று நில். அதிகாலையில் எழுந்து, இரவில் நேரம் கழித்துப் படுத்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது வீண் என்கிறது. "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." நான்கரை மணிக்கு அலாரம் வைக்கிற உனக்கென்றே எழுதியதுபோல இருக்கும்.

131இல் மூன்றே வசனங்கள். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்" என்று தாவீது பாடுகிறான். பிரசங்கிகள் இதை அமைதியான படமாகவே காட்டுவார்கள். பிள்ளைக்குப் பால் மறக்கடித்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு அமர்க்களம் என்று தெரியும். உனக்கு நான் வேப்பங்கொழுந்தை அரைத்துத் தடவினேன். இரவெல்லாம் அழுதாய், என்னை அடித்தாய், அப்பாவிடமும் போகமாட்டேன் என்றாய். பிறகு ஒருநாள் மத்தியானம் நீயாக வந்து மடியில் ஏறி உட்கார்ந்தாய். எதையும் தேடவில்லை, கேட்கவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாய். எதுவும் வாங்குவதற்காக அன்றி, என்னிடம் இருப்பதற்காகவே நீ வந்தது அன்றுதான். ஜெபத்தில் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை, வார்த்தையே வரவில்லை என்று நீ அழுதாயே, அப்படியே போய் உட்கார். விண்ணப்பப் பட்டியல் வேண்டாம். மாணவர்களின் பெயர்களைக்கூட ஒரு மாதம் கர்த்தரே பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு வருகைப்பதிவேடு தேவையில்லை.

இவ்வளவு சொன்னாலும் இடைஞ்சல் வராது என்று நான் சொல்லமாட்டேன். மாற்கு 6இல் இயேசு சீஷர்களை, "வனாந்தரமான ஓரிடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று அழைக்கிறார். சாப்பிடவும் அவர்களுக்கு நேரமில்லாதிருந்தது. படவில் போய்ச் சேர்ந்தால் ஜனங்கள் கால்நடையாக ஓடி முந்திப்போய் அங்கே நிற்கிறார்கள். அவர் மனதுருகி உபதேசிக்கிறார், ஐயாயிரம் பேருக்கு அப்பமும் மீனும் பரிமாறுகிறார். இந்தப் பகுதியைக் காட்டித்தான் உன்னைப் போன்றவர்களை வேலைக்கு இழுப்பார்கள். அடுத்து என்ன நடக்கிறது என்றும் படிக்கச் சொல். சீஷர்களை உடனே படவில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, அவர் ஜெபம்பண்ண மலைக்குப் போகிறார். கலைந்துபோன ஓய்வை அன்றிரவே போய் எடுத்துக்கொண்டார். பேத்திக்குக் காய்ச்சல் வரலாம், விருந்தாளி வரலாம், ஒரு வாரம் வீணாகலாம். மிச்சத்தை விட்டுவிடாதே.

இன்னொன்று, மருமகனிடமும் வாசித்துக் காட்டு. யாத்திராகமம் 23இல் ஓய்வுநாளைப் பற்றிச் சொல்லும்போது மாடும் கழுதையும் இளைப்பாறவும், அடிமைப்பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் இளைப்பாறவும் என்று எழுதியிருக்கிறது. ஒருவர் ஓய, மற்றவர் உழைப்பது வேதத்தின் கணக்கில் இல்லை. ஞாயிறு காலைக் காப்பியை அவர் போடட்டும். உன் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாவுக்கும் மே மாதத்தில் சம்பளத்தோடு சில நாள் விடுப்புக் கொடு.

செந்தூர் எக்ஸ்பிரசில் டிக்கெட் எடுத்துவிட்டுச் சொல். நாசரேத் ஸ்டேஷனுக்கு அப்பா வந்து நிற்பார். இங்கே பதநீர் நன்றாக இறங்குகிறது, நுங்கும் வரத்து உண்டு. காலையில் விளையில் குடித்துவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொள். திருத்த வேண்டிய தாள் எதையும் பையில் வைத்துக்கொண்டு வராதே, வந்தால் அடுப்புக்குப் போகும்.

நீ வருவது தெரிந்ததும் நம் சேகரத்துப் போதகர் ஐயா, பெண்கள் கூட்டத்துக்கு நீ தேவ செய்தி கொடுக்க வேண்டும் என்று ஆளனுப்பினார். முடியாது, அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கத்தான் வருகிறாள் என்று சொல்லியனுப்பிவிட்டேன். கொஞ்சம் கோபம்தான் அவருக்கு. சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்குள் சரியாகிவிடுவார்.

ஜெபத்துடன்,
அம்மா