ஜான் சிங்கிள்டனுக்கு: அந்த ஒரு கோடி டாலரைப் பற்றி

அன்புள்ள ஜான் சிங்கிள்டன் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் பேஸ்பால் பருவம் தொடங்கும் நேரத்தில் உங்கள் பெயர் எங்காவது அடிபடுகிறது. அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகில் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காத இளைஞன் ஒருவன் நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டான் என்று செய்தி வரும். உடனே யாராவது ஒருவர், "சிங்கிள்டனுக்கு என்ன ஆயிற்று, ஞாபகம் இருக்கிறதா?" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்கக் கேட்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. உங்களைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் அநியாயம் என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2014 ஜூன் தொடக்கத்தில் உங்களுக்கு வயது 22. ஓக்லஹோமா சிட்டியில், மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே உள்ள மைனர் லீக் நிலையான டிரிபிள் ஏ அணியில், 54 ஆட்டங்களில் 14 ஹோம் ரன் (எல்லையைத் தாண்டும் அடி) அடித்திருந்தீர்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் நிர்வாகம் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தை உங்கள் முன் வைத்தது. உறுதியான தொகை ஒரு கோடி டாலர். அதற்கு மேல் மூன்று ஆண்டுகள், அணி விரும்பினால் மட்டும். எல்லாம் கூடிவந்தால் மொத்தம் மூன்றரைக் கோடி வரை போகும். மேஜர் லீகில் கால் வைக்காத ஒருவருக்கு இப்படியொரு நீண்ட ஒப்பந்தம் அதுவரை கேள்விப்படாதது. கையெழுத்திட்டீர்கள். மறுநாள் இரவே ஹூஸ்டன் மைதானத்தில், ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன்.

ஆனால் அந்த ஹோம் ரன்னைப் பற்றிப் பேசியவர்களைவிட ஒப்பந்தத்தைத் திட்டியவர்கள்தான் அதிகம். முந்தைய ஆண்டுவரை அதே ஆஸ்ட்ரோஸுக்கு ஆடிய பட் நோரிஸ், ஏஜென்ட் பேச்சைக் கேட்காமல் வீரர் சங்கத்தின் பேச்சைக் கேட்டிருக்கலாமே என்று ட்விட்டரிலேயே எழுதினார். தன்னை மலிவாக விற்றுக்கொண்டவர், பின்னால் வருபவர்களின் விலையையும் கெடுத்தவர் என்று உங்களுக்கு முத்திரை குத்தினார்கள்.

அந்த ஆண்டு 95 ஆட்டங்களில் உங்கள் மட்டையடிச் சராசரி .168; பத்து முயற்சியில் இரண்டு வெற்றி அடிகூட இல்லை. அடுத்த ஆண்டு 19 ஆட்டங்கள். பிறகு மேஜர் லீக் கதவு சாத்திக்கொண்டது. இப்போது அதே வாய்கள் வேறு பாட்டுப் பாடின: ஒன்றுமில்லாதவனுக்கு ஒரு கோடியை வாரிக் கொடுத்தார்கள், பணம் வந்ததும் பையனுக்குப் பசி போய்விட்டது. முதலில் குறைவு என்று ஏசப்பட்ட அதே தொகை, இரண்டே ஆண்டில் அதிகம் என்று ஏசப்பட்டது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? உங்கள் ஆட்டத்தின் முடிவைப் பார்த்துவிட்டு, கையெழுத்திட்ட அன்றைய புத்தியை அளக்கிறார்கள்.

கையெழுத்திட்ட அன்று உங்கள் கையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். மேஜர் லீக் அணியின் பட்டியலில் ஒரு பருவத்தில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு கணக்கு. அப்படி ஆறு ஆண்டு முடியும்வரை வீரன் வேறு அணிக்குப் போக முடியாது. பெரும்பாலோருக்கு முதல் மூன்று ஆண்டுகள் ஏறத்தாழக் குறைந்தபட்சச் சம்பளம்தான்; 2014-இல் அது 5 லட்சம் டாலர். அதன் பிறகுதான் சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் முன்னால் போய் நியாயமான சம்பளம் கேட்கலாம். இந்தக் கணக்கு எத்தனை கொடுமையாக நடைமுறைப்படுத்தப்படும் என்பதற்கு கிரிஸ் பிரையன்ட் போதும். 2015-இல் சிகாகோ கப்ஸ் அவரைப் பருவத் தொடக்கத்தில் மைனர் லீகிலேயே நிறுத்திவைத்து ஏப்ரல் 17 அன்று அழைத்தது. ஆண்டு முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. அந்த ஒரு நாளால் அணிக்கு ஓர் ஆண்டு அதிகம் கிடைத்தது. அவர் முறையிட்டார், தோற்றார்.

ஆக, டிரிபிள் ஏயில் நன்றாக ஆடும் இளைஞனுக்கு முன்னால் ஒரு வாசல். சாவி நிர்வாகத்திடம். கையெழுத்திட்டால் நிர்வாகத்துக்கு நாளைக் கணக்குப் பார்க்கும் அவசியமே இல்லை, வாசல் உடனே திறக்கிறது. 2019-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸின் எலோய் ஹிமேனெஸுக்கும், அடுத்த ஆண்டு அதே அணியின் லூயிஸ் ராபர்ட்டுக்கும் அப்படித்தான் நடந்தது. முன்கூட்டிய ஒப்பந்தத்தைப் பற்றி என் பெரிய வருத்தம் தொகையில் இல்லை. ஆட வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்ற கேள்விக்கும் பேரத்துக்கும் முடிச்சுப் போடுவதில் இருக்கிறது. வீரர் சங்கத்துக்கும் அணி உரிமையாளர்களுக்கும் இடையிலான 2022 தொழிலாளர் ஒப்பந்தம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. மேஜர் லீகின் இரு பிரிவுகளிலும் சிறந்த புதுமுக வீரர் தேர்வில் முதல் இரண்டு இடங்களுக்குள் வருபவருக்கு முழு ஆண்டுக் கணக்கு கிடைக்கிறது. ஆனால் அது ஒரு சிலருக்கான மருந்து, எல்லோருக்குமானதல்ல.

உங்கள் அணியிலேயே ஜார்ஜ் ஸ்பிரிங்கர் இருந்தார். ஏழு ஆண்டுக்கு 2.3 கோடி என்று வந்த வாய்ப்பை அவர் மறுத்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. பிறகு மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் 2017-இல் சிறந்த வீரர், 2021-இல் டொரான்டோவுடன் ஆறு ஆண்டுக்கு 15 கோடி. "ஸ்பிரிங்கரைப் பார், சிங்கிள்டனைப் பார்" என்று ஒப்பிடுவோர் ஒன்றை வசதியாக மறக்கிறார்கள். அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில் அவர் கல்லூரியிலிருந்து முதல் சுற்றில், 11-ஆவது ஆளாகத் தேர்வானவர். கையெழுத்துத் தொகையே 25 லட்சம் டாலருக்கு மேல். நீங்கள் உயர்நிலைப் பள்ளி முடித்து எட்டாவது சுற்றில் வந்தவர். கிடைத்தது 2 லட்சம். அதன்பின் ஐந்து ஆண்டுகள் மைனர் லீக். அந்தச் சம்பளம் அந்நாளில் எப்படியிருந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது தொடர்பான வழக்கில் மேஜர் லீக் நிர்வாகம் 2022-இல் 18.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. காத்திருப்பது துணிச்சல் மட்டும் சார்ந்த விஷயமல்ல, வீட்டில் என்ன இருக்கிறது என்பதையும் சார்ந்தது. ஸ்பிரிங்கர் செய்தது அவருக்குச் சரி. நீங்கள் செய்தது உங்களுக்குச் சரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2014 மார்ச்சில், ஒப்பந்தத்துக்குச் சில மாதங்கள் முன்பு, கஞ்சாப் பழக்கத்தையும் குடியையும் சிகிச்சைக்குப் போனதையும் ஒரு செய்தி நிறுவனத்திடம் மறைக்காமல் பேசினீர்கள். எதிர்காலத்தின் கோடிகளைப் பணயம் வைக்கும் வயதில் எத்தனை பேருக்கு அந்த மனம் வரும்? தன் பலவீனம் எங்கே என்று தெரிந்த ஒருவர் நிச்சயமான தொகையைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஒப்பந்தம் இல்லாமல் அதே .168 அடித்திருந்தால், அந்த ஐந்து ஆண்டில் பத்து லட்சம் டாலரைக்கூடக் கண்டிருக்க மாட்டீர்கள். அவசரம் என்று சொன்னார்கள். எனக்கு அது விவேகமாகத் தெரிகிறது.

எல்லா முன்கூட்டிய ஒப்பந்தமும் நல்லது என்று நான் சொல்லவில்லை. ஓஸி ஆல்பீஸ் 2019-இல் அட்லாண்டாவுடன் ஏழு ஆண்டுக்கு 3.5 கோடிக்கு ஒப்புக்கொண்டார். அணி விரும்பினால் மேலும் இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு 70 லட்சம். முந்தைய ஆண்டே சிறந்த வீரர்களுக்கான ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வான வீரர். பிறகு 2021-இலும் 2023-இலும் முப்பதைத் தொட்டும் தாண்டியும் ஹோம் ரன் அடித்த இரண்டாம் பேஸ் வீரருக்கு அந்த விலை வெட்கக்கேடு. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தத் தாளை நீட்டிய நிர்வாகத்தைச் சொல்வேன். மனம் வைத்தால் வேறு மாதிரியும் நடக்கலாம் என்று கன்சாஸ் சிட்டி காட்டியது. கேட்சர் சால்வடோர் பெரெஸ் 2012-இல் ஐந்து ஆண்டுக்கு வெறும் 70 லட்சத்துக்குக் கையெழுத்திட்டிருந்தார். அணி உலகத் தொடரை வென்ற பின், 2016-இல், நிர்வாகமே அதைத் திருத்தி 5.25 கோடிக்குப் புது ஒப்பந்தம் போட்டது. சட்டப்படி ஒரு காசு கூடுதலாகக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எங்கள் ஊரில் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு எடுப்பார்கள். காற்றடித்துப் பூ உதிர்ந்தால் வியாபாரிக்கு நட்டம், காய்த்துக் குலுங்கினால் அவருக்கு லாபம். தோப்புக்காரருக்குக் கையில் காசு. இந்த ஒப்பந்தங்களும் அந்த வகை என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். ஆனால் விவரம் தெரிந்த வியாபாரி அட்வான்ஸ் கொடுத்த மறுநாளே தோப்புக்குக் காவல் போடுவார், தண்ணீர் பாய்கிறதா என்று வந்து பார்ப்பார். உங்கள் விஷயத்தில் என்ன நடந்தது?

2014-இல் 362 முறை மட்டை பிடித்ததில் 134 முறை ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பு. இந்த எண்ணைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அதே பருவத்தில் 50 முறை வாக் வாங்கியதை, அதாவது நான்கு தவறான பந்துகளை விட்டுவிட்டு முதல் பேஸுக்குப் போனதை, யாரும் காட்டுவதில்லை. அடிக்கக் கூடாத பந்தை விட்டுவிடும் கண் 22 வயதிலேயே உங்களிடம் இருந்தது. மட்டையைப் பந்தோடு சேர்ப்பதுதான் வரவில்லை. டிரிபிள் ஏ பிட்சர்களில் (பந்து வீசுபவர்களில்) பலர் தங்கள் சிறந்த பந்தை நினைத்த இடத்தில் போடத் தெரியாதவர்கள். மேலே இருப்பவர்கள் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் அங்கேயே போட்டுக்கொண்டிருப்பார்கள். அதை அடைக்கக் காலம் வேண்டும், அதுவும் மேலேயே ஆடிக் கற்கும் காலம். மில்வாக்கி அணியில் ஜாக்சன் சூரியோவுக்கு அது கிடைத்தது. 19 வயதில், 2023 டிசம்பரில், எட்டு ஆண்டுக்கு 8.2 கோடி. அடுத்த பருவத்தின் முதல் இரண்டு மாதங்கள் தடுமாறினார். ஆனாலும் அணி அவரைக் கீழே அனுப்பவில்லை. பருவம் முடிந்தபோது .275, 21 ஹோம் ரன். எட்டுக் கோடி போட்ட முதலாளிக்குப் பொறுமை தானாக வருகிறது. ஒரு கோடி, கணக்கில் எழுதிக் கழித்துவிடக்கூடிய தொகை. உங்கள் ஒப்பந்தத்தில் உண்மையான குறை இருந்தால் அது இங்கேதான் என்று நினைக்கிறேன்: அணிக்கு வலிக்கிற அளவுக்கு அது பெரிதாக இல்லை. பிலடெல்பியாவின் ஸ்காட் கிங்கரி இன்னொரு விதமான உதாரணம். 2018-இல் முதல் ஆட்டத்துக்கு முன்பே 2.4 கோடி கொடுத்து, இரண்டாம் பேஸ் ஆடிப் பழகிய இளைஞனை ஷார்ட்ஸ்டாப், மூன்றாம் பேஸ், வெளிக்களம் என்று அலைக்கழித்தார்கள். மட்டையடியைக் கற்கவேண்டிய வயதில் தினம் ஒரு புது இடம்.

2017-இல் ஹூஸ்டன் நகரம் உலகத் தொடர் வெற்றியைக் கொண்டாடியது. அந்தப் பருவத்தில் நீங்கள் கார்பஸ் கிறிஸ்டியில், டிரிபிள் ஏக்கும் ஒரு படி கீழான டபுள் ஏ அணியில். 2018 ஜனவரியில் மறுபடி கஞ்சாச் சோதனையில் சிக்கினீர்கள், 100 ஆட்டத் தடை. மே மாதம் விடுவித்துவிட்டார்கள். மேஜர் லீக் அணிகளின் 40 பேர் பட்டியலில் இருந்தவர்களுக்கு அந்தச் சோதனை வழக்கமாகக் கிடையாது. கீழே இருந்தவர்களுக்கு மட்டும்தான். மறு ஆண்டு டிசம்பரில், 2019-இல், கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இன்று அதற்காக யாருக்கும் 100 ஆட்டம் போகாது. உங்களுக்குப் போனது போனதுதான். இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

மெக்ஸிகோ சிட்டியில் ஆடினீர்கள். 2022-இல் மில்வாக்கியின் டிரிபிள் ஏ அணியில், நாஷ்வில்லில், நூற்றுக்கும் மேற்பட்ட வாக் வாங்கினீர்கள்; அந்தக் கண் எங்கும் போய்விடவில்லை. 2023-இல் மேஜர் லீகுக்குத் திரும்பினீர்கள். ஆகஸ்ட் 11 அன்று ஹூஸ்டனில், அதே ஏஞ்சல்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன். 2015-க்குப் பிறகு உங்களுக்கு அவைதான் முதலாவதும் இரண்டாவதும். 2024-இல் 13 ஹோம் ரன், சராசரி .234. பெரிய நட்சத்திர எண்கள் அல்ல என்பது தெரியும். ஆனால் 22 வயதில் வராதது 32-இல் வந்தது. பணத்தால் பசி போய்விட்டது என்று சொன்னவர்கள், அந்த ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் மெக்ஸிகோ வரை போய் ஆடிய ஒருவரை எப்படி விளக்குவார்கள்?

இப்போதுள்ள தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. குறைந்தபட்சச் சம்பளம், ஆறு ஆண்டுக் கணக்கு, சம்பளத்துக்கு அதிகம் செலவழிக்கும் அணிகள் மீதான வரி என்று வழக்கமான சண்டைகள் நடக்கும். கையெழுத்திட்ட இளைஞனுக்கு அணி என்ன செய்யக் கடமைப்பட்டது என்பதையும் அங்கே பேச வேண்டும்: மேலேயே ஆடிக் கற்கக் குறைந்தது இத்தனை வாய்ப்பு, கீழே அனுப்பினாலும் மேலிருப்பவர்களுக்குக் கிடைக்கும் அதே மருத்துவமும் மனநல ஆலோசனையும், சோதனையிலும் தண்டனையிலும் மேல் கீழ் என்ற பாகுபாடு இல்லாமை. இவற்றில் எது முக்கியம், எது வெறும் காகிதம் என்று உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 2014-இல் உங்களை வீரர் சங்கத்தின் பேச்சைக் கேட்கச் சொன்னார்கள். இம்முறை சங்கத்தார் உங்கள் பேச்சைக் கேட்க வேண்டும். கூப்பிட்டால் தயவுசெய்து போங்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்