வாஸ்கோடகாமா கரையோரமாகப் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த கடற்பயணக் கட்டுரை, வாஸ்கோடகாமா ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே, திசைகாட்டியை நம்பி நன்னம்பிக்கை முனைக்குப் போனதாகச் சொல்கிறது. இரண்டும் சரியல்ல.

1497 ஆகஸ்ட் 3 அன்று கேப் வெர்டே தீவுகளை விட்டுக் கிளம்பிய கப்பல்கள் மறுபடி கரையைக் கண்டது நவம்பர் 4-இல்தான். இடையில் 93 நாள் நடுக்கடல். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, அந்த மேற்குக் கரையில் காற்றும் நீரோட்டமும் வடக்கு நோக்கியே வரும். கரையோரம் போனால் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே தென்கிழக்குக் காற்றைப் பக்கவாட்டில் வாங்கித் தென்மேற்கே வெகுதூரம் விலகினார்கள். பிறகு மேலைக்காற்றைப் பிடித்துக் கிழக்கே திரும்பினார்கள்.

எவ்வளவு தெற்கே வந்திருக்கிறோம் என்பதைத் திசைகாட்டி சொல்லாது. துருவ நட்சத்திரமும் நிலநடுக்கோட்டைத் தாண்டினால் மறைந்துவிடும். மிச்சம் உச்சிச் சூரியன்தான். சூரியனின் உயரத்தை அளக்கும் வட்டக் கருவியான அஸ்ட்ரோலாப்பை வளையத்தில் தொங்கவிட்டு, மேல் துளையில் நுழையும் ஒளி கீழ்த்துளையில் விழும்வரை சட்டத்தைத் திருப்ப வேண்டும். (சூரியனை நேரே பார்க்க வேண்டியதில்லை, நல்லவேளை.) ஏறிக்கொண்டே வரும் அளவு எங்கே நிற்கிறதோ அதுதான் உச்சி. அவர்கள் நங்கூரமிட்ட, தென்னாப்பிரிக்கக் கரையிலுள்ள செயின்ட் ஹெலினா விரிகுடாவுக்கு, நவம்பர் 8-ஐ வைத்துக் கணக்கிட்டால் உச்சிச் சூரியனின் உயரம் சுமார் 76 பாகை வரும். 90-இல் கழித்தால் 14: தலைக்கு நேர்மேலிருந்து சூரியன் அவ்வளவு விலகியிருக்கிறது. அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 19 பாகையில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் 33: நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அத்தனை பாகை வந்திருக்கிறார்கள்.

அந்த 19-க்கு, எந்தத் தேதியில் சூரியன் எத்தனை பாகையில் இருக்கும் என்று சொல்லும் அட்டவணை வேண்டும். யூத வானியலாளர் சக்கூத்தோவின் பஞ்சாங்கம் 1496-இல்தான் போர்ச்சுகலில் அச்சேறியது. அந்தப் பருவத்தில் தேதி ஒரு நாள் தவறினால் கால் பாகை பிசகும். ஆடும் தளத்தில் ஒரு பாகை தவறினாலோ 111 கி.மீ. போயிற்று. அதனால்தான் மூன்று சாண் அகல மர அஸ்ட்ரோலாப்பை அங்கே கரைக்குக் கொண்டுபோய், முக்காலியில் கட்டி அளந்தார்கள். முனை இன்னும் ஒன்றரைப் பாகை தெற்கே இருந்தது.

"திரும்பும் வழி எளிது" என்று அக்கட்டுரை சொல்வதும் பிழை. கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மலிந்தியிலிருந்து கேரளக் கரையைக் காண 23 நாள் போதுமாயிருந்தது. திரும்பும்போது ஆப்பிரிக்கக் கரையைக் காண ஏறத்தாழ மூன்று மாதம். வடகிழக்குப் பருவக்காற்று நிலைப்படும் முன்பே, 1498 அக்டோபர் 5 அன்று, கோவாவுக்குத் தெற்கேயுள்ள அஞ்சதீவை விட்டதுதான் காரணம். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் சுமார் 30 பேர் மாண்டார்கள். ஓட்ட ஆளில்லாமல், தங்கள் கப்பல்களில் ஒன்றான 'சாவ் ரஃபேல்'-ஐ அவர்களே எரித்தார்கள்.

– வாசகர், தூத்துக்குடி