அந்தக் கைகள் போவியுடையவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், ஜிம் ஹென்சன் மனிதர்களோடு பொம்மைகளையும் நடிக்கவைத்து இயக்கிய 'லேபிரிந்த்' என்ற மாயாஜாலப் படத்தைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். சின்ன வயதில் தேய்ந்துபோன வீடியோ கேசட்டில் பார்த்த படம். அதற்குத் தமிழில் நாலு பக்கம் ஒதுக்குவார்கள் என்று நினைத்ததே இல்லை. ஆனாலும் இரண்டு இடங்களில் கட்டுரையாளரோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, மாய அரசனாக வரும் பாடகர் டேவிட் போவி விரல்களின் மேல் கண்ணாடிப் பந்துகளை உருட்டும் காட்சி. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் வித்தை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கம்ப்யூட்டர் இல்லை, சார். மைக்கேல் மோஷன் என்ற வித்தைக்காரர் போவியின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு, போவியின் கை இருக்கவேண்டிய இடத்தில் தன் கையை நீட்டிச் செய்தது அது. பந்து எங்கே இருக்கிறது என்று அவரால் பார்க்கக்கூட முடியாது. எல்லாம் தொட்டுணர்ந்துதான். கம்ப்யூட்டர் வேலை வேண்டுமென்றால் டைட்டில் ஓடும்போது பறக்கும் வெள்ளை ஆந்தையைப் பாருங்கள். இன்றைக்குப் படத்திலேயே பழசாகத் தெரிவதும் அந்த ஆந்தைதான்!

இரண்டாவது விஷயம் கொஞ்சம் பெரியது. 1986இல் விமர்சகர்கள் எல்லோரும் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள், பிறகு காலம் அவர்கள் முகத்தில் கரியைப் பூசியது என்கிறது கட்டுரை. எல்லோரும் இல்லை, நியூயார்க் டைம்ஸ் பாராட்டியே எழுதியது. குறை சொன்னவர்களும் விவரம் தெரியாதவர்கள் அல்ல. கனவு உலகத்தில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றாகிவிட்டால், அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு எங்கிருந்து வரும்? அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டின் ஆட்சேபம் ஏறக்குறைய இதுதான். எனக்கும் அது சரியென்றே படுகிறது. கதாநாயகி சாரா ஒரு பொறியிலிருந்து தப்பி இன்னொன்றில் விழுகிறாள், நடுவே ஒரு பாட்டு வருகிறது. இடையில் பத்து நிமிடத்தை வெட்டி எடுத்தாலும் கதை அப்படியேதான் இருக்கும்.

விமர்சகர்கள் கோட்டைவிட்டது வேறிடத்தில். பொம்மைகளை செட், உடை மாதிரி தொழில்நுட்பக் கணக்கில் எழுதிவிட்டார்கள். சாராவோடு வரும் குள்ளன் ஹாகிளை எடுத்துக்கொள்ளுங்கள். உடைக்குள் இருந்து நடந்தவர் ஷாரி வைசர். முகத்துக்குள் சுமார் 18 குட்டி மோட்டார்கள். அவற்றை வெளியே நின்று ரிமோட்டில் இயக்க நான்கு பேர். அவர்களில் ஒருவரான, இயக்குநரின் மகன் பிரையன் ஹென்சன்தான் குரலும் கொடுத்தார். ஆக, ஒரு முகம் சுளிக்க ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் ஓடவேண்டும். சாராவிடம் அந்த மாயப் பீச் பழத்தைக் கொடுத்துவிட்டு, தன்னையே சபித்தபடி ஹாகிள் நகர்ந்து போகும் இடத்தை மறுபடி பாருங்கள். அது நடிப்பு இல்லையென்றால் வேறென்ன?

போன மாதம் என் மகளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன். குழிக்குள் விழும் சாராவைச் சுவரெங்கும் முளைத்த கைகள் தாங்கிக்கொண்டு, விரல்களை மடக்கி மடக்கியே முகங்களாகி, மேலே போகிறாயா கீழே போகிறாயா என்று கேட்குமே, அதை மூன்று தரம் திருப்பிப் போடச் சொன்னாள். சுவருக்குப் பின்னால் அத்தனை ஆட்கள் நின்றார்கள் என்றேன். நம்பவில்லை.

இரண்டரைக் கோடி டாலர் செலவான படம், அமெரிக்கத் திரையரங்குகளில் அதில் பாதியளவுதான் வசூலித்தது. ஜிம் ஹென்சன் அதற்குப் பிறகு முழுநீளத் திரைப்படம் எதையும் இயக்கவில்லை. 1990இல் 53 வயதில் போய்விட்டார். காலத்தின் தீர்ப்பு என்று கட்டுரையாளர் கொண்டாடுவதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு வந்ததுதான்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுவீர்களென்றால் போவியின் படத்துக்குக் கீழே மைக்கேல் மோஷன் பெயரையும் சேர்த்துவிடுங்கள். படத்தில் தெரிவது அவருடைய கை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி