பற்றுச்சீட்டு கேட்ட பொருளாளர்

கொழும்பில் பழைய ஆண்டு மலர்களையும் படங்களையும் குறிப்பேடுகளையும் காத்துவரும் சங்கங்கள், வாசிகசாலைகள், பழைய மாணவர் அமைப்புகளின் நிர்வாக சபையினருக்கு,

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் ஸ்கேனரோடு குந்தியிருக்கிறவன் நான். உங்களில் சிலருடைய ஆண்டு மலர்களில் துருப்பிடித்த ஸ்டேப்பிள் கம்பியைக் கழற்றியது இந்தக் கைதான். கடற்காற்று கம்பியைத் தின்னும், கம்பி தாளைத் தின்னும். நடுப்பக்கத்தில் எப்போதும் இரண்டு மண்ணிறப் புள்ளிகள் இருக்கும்.

கொஞ்ச நாளாகச் சில தம்பிமார் உங்கள் கூட்டங்களுக்கு வந்து ஒரு யோசனை சொல்கிறார்கள். "ஒருக்கா காசு கட்டினால் காணும், பிளாக்செயினில இருநூறு வருஷம் கிடக்கும்." பிளாக்செயின் என்றால் பல கணினிகளில் ஒரே மாதிரி எழுதி வைக்கும், அழிக்க முடியாத கணக்கேடு. நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் இதைக் கேட்ட பொருளாளர் ஐயா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, இதுக்குப் பற்றுச்சீட்டு தருவியளோ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில், நிறத்தோடு, சுருக்காமல் எடுத்தால் 26 மெகாபைட். 40,000 பக்கம் ஒரு டெராபைட்டைத் தொடும். இதை பிளாக்செயினுக்குள்ளேயே வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எதீரியம் என்ற பிளாக்செயினில் 32 பைட்டைப் புதிதாக எழுத 20,000 காஸாவது வேண்டும். காஸ் என்பது அங்கே வேலையை அளக்கும் அலகு. சில விநாடிக்கு ஒருமுறை சங்கிலியில் சேரும் தொகுதிதான் பிளாக்; ஒரு பிளாக்கின் உச்சம் 2025 தொடக்கம் வரை பல வருடங்களாக 3 கோடி காஸாக இருந்தது. அந்தக் கணக்கில் உங்கள் மலரின் ஒரேயொரு பக்கத்தை எழுத, உலகத்தில் வேறு யாரும் ஒன்றும் எழுதாமல் ஒன்றே முக்கால் மணித்தியாலம் வழிவிட வேண்டும். ஆகவே கோப்பு வேறெங்கோ யாருடையவோ ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். சங்கிலியில் இருப்பது ஒப்பந்தமும், கோப்பை அவர் வைத்திருக்கிறார் என்ற சாட்சியும்தான்.

அந்த "யாரோ" ஏன் மலிவாகத் தருகிறார்? 2020இல் தொடங்கிய ஃபைல்காயின் என்ற சேமிப்பு வலையமைப்பில், சரிபார்க்கப்பட்ட தரவைச் சேமிப்பவருக்குப் பத்து மடங்கு பலம் கணக்கில் ஏறும். நாணய வெகுமதியும் அதற்கேற்பக் கூடும். அதனால்தான் உங்களிடம் சதமும் வாங்காமல் இடம் தரக்கூடியதாக இருக்கிறது. வாடகையை நாணயம் அச்சடிக்கும் வலையமைப்புக் கட்டுகிறது. அந்த நாணயம் 2021 ஏப்ரலில் 200 டொலரைத் தாண்டியது; 2022 முடிவில் 5 டொலருக்கும் கீழே கிடந்தது. ஒப்பந்தத்துக்கும் முடிவுத் தேதி உண்டு. அன்றைக்குப் புதுப்பிக்க உங்கள் சபையில் யார் இருப்பார்?

ஆர்வீவ் என்ற இன்னொரு வலையமைப்பு வேறு மாதிரி. முதலில் ஒரு தொகை கட்டினால் அதில் பெரும்பகுதி ஒரு நிதியில் போகும். சேமிப்புச் செலவு வருடம் 0.5 சதவீதமாவது குறைந்துகொண்டு போகும் என்ற நம்பிக்கையில்தான் அந்த 200 வருடக் கணக்கு நிற்கிறது. கெட்டிக்காரத்தனமான யோசனை, மறுக்கமாட்டேன். ஆனால் விலை அதன் நாணயத்தோடு ஆடும், நம் கையிலோ ரூபாய். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய், மே மாதத்தில் 360. போதாக்குறைக்கு, மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்கு வங்கி அட்டை பாவிக்க முடியாது என்று மத்திய வங்கி 2021இலேயே பணிப்புரை விடுத்துவிட்டது. இனி அந்த நாணயத்தை எங்கே, யாரிடம் வாங்குவது? கணக்காய்வாளரிடம் எதைக் காட்டுவது? பொருளாளர் கேட்டது இதைத்தான்.

பில்லில் வராத செலவும் ஒன்று உண்டு. ஆர்வீவில் ஏற்றியதை அழிக்க வழியில்லை. உங்கள் மலர்களின் கடைசிப் பக்கங்களில் அங்கத்தவர் பெயரும் வீட்டு முகவரியும் வரிசையாக இருக்கின்றன. 83 ஜூலைக் கலவரத்தில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழரின் வீடு தேடி வந்த ஊர் இது. அந்தப் பக்கங்களை அங்கே போடாதீர்கள்.

பிரதிகள் அழிந்துபோகும் என்ற அந்தத் தம்பிமாரின் பயம் பொய்யில்லை. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் கிளவுடையே, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கி, மே நடுப்பகுதியிலிருந்து வந்த மின்னஞ்சல்கள் போன இடம் தெரியவில்லை. ஒரே இடத்தில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று 1981இல் யாழ்ப்பாணத்தில் 97,000 நூல்கள் எரிந்ததைப் பார்த்த எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். ஸ்கேன்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, ஒன்றைக் கொழும்புக்கு வெளியே அனுப்புங்கள். மட்டக்களப்போ வவுனியாவோ, நம்பிக்கையான ஒரு வீடு போதும். மூன்றாவது பிரதி சாதாரண கிளவுடின் ஆறின களஞ்சியத்தில், அதாவது அடிக்கடி திறக்காத கோப்புகளுக்கான மலிவான இடத்தில், இருக்கட்டும். அமேசானில் அது டெராபைட்டுக்கு மாதம் ஏறக்குறைய ஒரு டொலர், திருப்பி எடுக்கும்போது மட்டும் கூடக் கேட்பான். ஒவ்வொரு பக்கத்தின் ஹாஷையும், அதாவது அதன் 64 எழுத்து விரல்ரேகையை, ஒரு பட்டியலாக்கி ஆர்வீவ் போன்ற நிரந்தர வலையமைப்பில் போடுங்கள். 40,000 பக்கத்துக்கும் சேர்த்து 3 மெகாபைட்டுக்குள் அடங்கும், செலவு பெரிதாக வராது. எரிந்த பக்கத்தை இந்த விரல்ரேகை திருப்பித் தராதுதான். ஆனால் கையிலுள்ள பிரதியில் யாரும் கைவைக்கவில்லை என்று காட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தம்பிமார் மறுபடி வந்தால், முதல் கேள்வியைப் பொருளாளர் ஐயாவே கேட்கட்டும். இந்த முறை நான் சிரிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஸ்கேனர்காரன்,
வெள்ளவத்தை