சூரியன் இல்லாத ஊரில் பொங்கல்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் குளிர்நாட்டு வாழ்க்கை பற்றிய கட்டுரையை வாசித்தேன். இருட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறோம் என்று எங்களுக்காக நிறைய இரக்கப்பட்டிருந்தார் எழுதியவர். அவருடைய நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் அந்த இருட்டுக்குள் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறவன் நான். எனக்கும் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

நான் 1988இல் நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில் ஒரு மீன் பக்டரிக்கு வேலைக்கு வந்தவன். அந்த நாட்களில் எம்மவர் கனபேர் அந்தக் கரையோர ஊர்களில்தான் கொட் மீன் வெட்டினார்கள். பிறகு பெரும்பாலானோர் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள். நான் துரொம்சோ வரைதான் இறங்கினேன். இங்கே நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பி வரும். தெற்கே மலை மறைப்பதால் ஊருக்குள் அதன் முகத்தைக் காண 21ஆம் திகதி அளவில் ஆகிவிடும்.

முதல் குளிர்காலத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஓர் அறையில் நாலு பொடியன்கள். யன்னல் சீலையை இழுத்து மூடி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, தலைக்கு மேல் ரியூப் லைட்டைப் போட்டுவிட்டு, வேலை இல்லாத நேரமெல்லாம் படுத்துக் கிடந்தோம். யார் பால் வாங்குவது என்பதற்கே இரண்டு நாள் பேச்சில்லை. எப்போது முடியும் எப்போது முடியும் என்று நாட்காட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒருவனுக்கு மனம் சரியாகவே விழுந்து, வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டி வந்தது. அப்படிப்பட்டவர்கள் கட்டாயம் வைத்தியரிடம்தான் போக வேண்டும். மெழுகுதிரியால் தீருகிற விஷயம் இல்லை அது.

மற்றவர்களுக்கு மெழுகுதிரி உதவும். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் எங்களுக்கு வாஃபல் சுட்டுக்கொண்டு வந்தவ, உள்ளே வந்ததும் முதல் வேலையாக அந்த ரியூப் லைட்டை நிற்பாட்டினா. எங்களுக்குத் திக்கென்றது. பிறகு யன்னல் சீலையை விலக்கி, விளிம்பில் ஒரு சின்ன மேசைவிளக்கை வைத்து, மேசையில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினா. "கூசெலி" என்றா. வீடு கதகதப்பாய், மனம் அடங்கி, அவசரம் இல்லாமல் இருக்கிற நிலைக்கு அவர்கள் சொல்லும் சொல் அது. வெளியே பார்த்தால் எல்லா வீட்டு யன்னலிலும் அப்படி ஒவ்வொரு விளக்கு. நாங்கள் மட்டும்தான் இத்தனை நாளும் சீலையை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். வெளிச்சம் உள்ளே இருக்கிறவனுக்கு மட்டுமில்லை, தெருவால் போகிறவனுக்கும்தான் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

இன்னொன்று. கட்டுரையில் சொன்னது போல இங்கே நாள் முழுதும் கும்மிருட்டு இல்லை. மதியத்தை ஒட்டி இரண்டு மூன்று மணித்தியாலம் வானமும் பனியும் ஒரே நீலமாக நிற்கும். அந்த நேரத்தில் சப்பாத்துக்கு அடியில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு, அரை மணித்தியாலமாவது நடந்துவிட்டு வந்தால் பின்னேரம் தேத்தண்ணி ருசிக்கும். படிக்க வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது இதைத்தான். மத்தியானத்தில் படுக்காதே, வெளியே போ.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் மனிசி கோவிப்பா. ஜனவரியில் முட்டையிட வருகிற கொட் மீனை இங்கத்தையவர்கள் ஈரலோடும் சினையோடும் அவித்துத் தின்பார்கள். நாங்கள் அதன் தலையை வாங்கிக் கூழ் காய்ச்சுவோம். காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா ஊரிலிருந்து வந்தது. கூழ் குடிக்கிற பனையோலைப் பிளாவுக்கு எங்கே போவது, கோப்பிக் கோப்பையில்தான் ஊற்றிக் குடிப்போம். யன்னலுக்கு வெளியே பனி கொட்ட, மூக்கு ஒழுக ஒழுக அந்த உறைப்பைக் குடிக்கிற சுகம் யாழ்ப்பாணத்து வெயிலில் எனக்குக் கிடைத்ததில்லை. ஊர்க்காரர் மன்னிக்கவும்.

பொங்கலுக்கு வருகிறேன். சூரியனுக்குப் படைக்கிற நாளில் எங்களுக்குச் சூரியனே இருக்காது. வந்த புதிதில் மனிசி இதை நினைத்து அழுதிருக்கிறா. இப்போது மதியம் பதினொன்றரைக்குப் பானை வைக்கிறோம், வானம் கொஞ்சம் சிவக்கிற நேரம் அதுதான் என்பதால். சிவப்பது கிழக்கே அல்ல, நேர் தெற்கே. தெற்கு யமனுடைய திசை, அந்தப் பக்கம் பார்த்துப் படைப்பதா என்று மாமியார் தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் வாதாடினா. சூரியன் அங்கேதானே வருகிறது மாமி, நான் என்ன செய்ய என்றேன். போன வருடம் பால் பொங்கி மின்னடுப்பில் வழிந்து புகைந்து, கூரையில் இருந்த நெருப்பு அலாரம் கத்தத் தொடங்கிவிட்டது. ஊரில் வெடி கொளுத்துவோம், இங்கே அலாரமே வெடி என்று மகள் சொல்ல, ஒரு கையால் துவாயை வீசிக்கொண்டே எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்றோம்.

ஒரு கிழமை கழித்துச் சூரியன் வந்ததும் ஊரே எண்ணெயில் பொரித்து உள்ளே ஜாம் வைத்த பணிஸ் தின்னும். அதற்குச் "சூரிய பணிஸ்" என்றே பெயர். பள்ளிப் பிள்ளைகள் மலை உச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எங்களுக்கு அது இரண்டாவது பொங்கல்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வருடா வருடம் உங்கள் பஞ்சாங்கப் பகுதியில் சூரிய உதயத்தை வைத்துப் பொங்கல் வைக்கும் நேரம் போடுகிறீர்கள். துரொம்சோவுக்கு எத்தனை மணி என்று சோதிடரைக் கேட்டுப் போட்டால் மாமிக்குக் காட்டுவேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்,
துரொம்சோ, நோர்வே.